மணிக்கட்டு ரிலீசர்: கட்டும் நேரம், கழற்றும் நேரம்

காம்பவுண்ட் வில் கைக்கு வந்த மூன்றாம் நாள் என் கீழுதடு கிழிந்தது. அம்பு பட்டு அல்ல, என் கைமுட்டியே பட்டு. நாணைக் கவ்வி விடும் பட்டைக் கருவியான ரிலீசரை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, டிரிகர்மேல் விரலை வைத்தபடியே நாணை இழுத்தேன். பாதி இழுப்பில் விரல் தானாக மடங்கிவிட்டது. நாண் முன்னால் பாய்ந்தது. பின்னால் இழுத்துக்கொண்டிருந்த கை நேராக வாயில் வந்து இடித்தது. அம்பு, இலக்கு மெத்தையான பட்ரஸுக்கு மேலே போய்ப் பின்னாலிருந்த மண்மேட்டில் செருகி நின்றது. பயிற்சியாளர் கைக்குட்டையை நனைத்துக் கொடுத்தார். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “தம்பி, இழுக்கிறது மணிக்கட்டு. விரலுக்கு அங்க என்ன வேலை?”

இந்த அத்தியாயம் அந்தக் கேள்விக்கான பதில்தான். இழுக்கும் வேலை மணிக்கட்டுக்கு, விடும் வேலை விரலுக்கு என்று பிரித்துக் கொடுப்பதற்காகவே இந்தப் பட்டை இருக்கிறது. இரண்டும் தனித்தனியாக நடக்கும்வரை அதைக் கட்டலாம். ஒன்றோடொன்று குழம்பத் தொடங்கினால் கழற்றி வைக்க வேண்டும்.

கோட்பாடு: இவ்வளவு போதும்

மூன்று விரல்களால் நாணைப் பிடித்து விட்டால், அது விரல் நுனிகளை உரசி லேசாகப் பக்கவாட்டில் உருண்டுதான் போகும். அம்பும் பக்கவாட்டில் நெளிந்து கிளம்பும். ரிலீசர் நாணை ஒரே புள்ளியில் கவ்வி, ஒரே புள்ளியில் விடுகிறது. நாண் ஏறத்தாழ நேராக ஓடுகிறது. ஒவ்வொரு அம்பும் ஒரே மாதிரி கிளம்புகிறது.

மணிக்கட்டு ரிலீசரில் நான்கு பாகங்கள்: மணிக்கட்டைச் சுற்றும் பட்டை, அதிலிருந்து உள்ளங்கை வழியே வரும் தண்டு அல்லது நாடா, அதன் முனையில் தலை, தலையில் ஒரு கவ்வி அல்லது கொக்கியும் ஒரு டிரிகரும். கவ்வி பிடிப்பது நாணை நேரடியாக அல்ல. அம்பின் பின்முனைப் பிளவான நாக் உட்காரும் இடத்துக்கு மேலும் கீழும் முடிச்சிட்டுக் கட்டிய சிறு கயிற்று வளையத்தை அது பிடிக்கும். அந்த வளையத்துக்கு டி-லூப் என்று பெயர்.

முதல் கேள்வி: உங்கள் வில் எது?

கடைக்குப் போகும் முன் இதற்குப் பதில் வேண்டும். வில் இடம் கொடுக்காவிட்டால் மேற்கொண்டு பேச்சில்லை.

1. காம்பவுண்ட்: கட்டலாம். இருமுனையிலும் கேம் சக்கரங்கள் உள்ள வில் இது. முழுதாக இழுத்து முடித்ததும் கையில் நிற்கும் பாரம் சட்டென்று குறையும். இதுதான் லெட்-ஆஃப். 60 பவுண்டு வில்லில் 80 சதவீத லெட்-ஆஃப் என்றால் கையில் நிற்பது 12 பவுண்டுதான்.
2. ரிகர்வ்: வேண்டாம். ஒலிம்பிக்கில் பல பத்தாண்டுகளாகத் தனியாட்சி செய்துவந்த வில். உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் விதிப்படி இதில் ரிலீசருக்கு இடமில்லை; ஃபிங்கர் டேப் போட்டு விரலால்தான் எய்ய வேண்டும்.
3. பேர்போ: வேண்டாம். குறிபார்க்கும் சைட்டுகூட இல்லாத பிரிவில் ரிலீசருக்கு ஏது இடம்!
4. இந்தியன் ரவுண்டு மூங்கில் வில்: வேண்டாம். இதுவும் விரல் வித்தைதான்.
5. லெட்-ஆஃப் இல்லாத பயிற்சி காம்பவுண்ட்: பள்ளிப் பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்ட வகை. விரலால் எய்யவே வடிவமைத்தது. அப்படியே விடுங்கள்.

போட்டிக்குப் போக நினைப்பவர்களுக்கு இன்னும் மூன்று விதிகள். காம்பவுண்ட் பிரிவில் வில்லின் பாரம் 60 பவுண்டைத் தாண்டக் கூடாது. ரிலீசரில் மின்சாரமோ மின்னணுவோ இருக்கக் கூடாது. அது வில்லோடு பிணைக்கப்பட்டிருக்கவும் கூடாது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி முதல்முறையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே இப்போது காம்பவுண்டில் கைவைக்கும் பிள்ளைகள் தொடக்கத்திலேயே விதிப்படி பழகுவது நல்லது.

எப்போது கட்டலாம்?

1. காம்பவுண்ட் பழகும் முதல் மாதங்களில். பட்டை மணிக்கட்டிலேயே இருப்பதால் கை தவறி விழாது. இழுக்கும்போது பிடி நழுவுமோ என்ற பயம் இல்லை. நிற்பது, இழுப்பது, இழுத்த கையைத் தாடையில் நிலைநிறுத்தும் ஆங்கர் என்று மற்றதைக் கவனிக்க மனம் மிச்சமாகும்.

2. வில் குட்டையாக இருக்கும்போது. குட்டை வில்லை முழுதாக இழுத்தால் நாண் கூர்மையான கோணத்தில் மடங்கும். விரலால் பிடித்தால் அம்பின் நாக்கோடு சேர்த்து விரல்களை நசுக்கும். சந்தையில் இன்று கிடைக்கும் காம்பவுண்டுகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். ரிலீசர் இல்லாமல் அவற்றை ஒழுங்காக எய்ய முடியாது.

3. விரல்பிடி பலவீனமாக இருக்கும்போது. விரல் மூட்டு வலி உள்ளவர்கள், பழைய எலும்பு முறிவு உள்ளவர்கள், உள்ளங்கை சிறிதாக உள்ளவர்கள் ஆகியோருக்குக் கையில் பிடிக்கும் ரிலீசர் சோர்வு தரும். பட்டையோ பாரத்தை மணிக்கட்டு எலும்பில் இறக்கிவிடுகிறது. ரிலீசரை உடம்புக்கு ஏற்றபடி எவ்வளவு தூரம் மாற்றியமைக்கலாம் என்பதற்கு வில்லாளி ஷீத்தல் தேவியைப் பாருங்கள். கைகளே இல்லாத அவர் காலால் வில்லைப் பிடித்து, தோளில் பொருத்திய ரிலீசரால் நாணை இழுக்கிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் சேர்ந்து காம்பவுண்ட் கலப்பு அணி வெண்கலம் வென்றார்.

4. நடந்து நடந்து எய்யும்போது. மேடு பள்ளத்தில் நடந்து, ரப்பர் நுரையில் செய்த விலங்கு உருவங்களை எய்யும் 3டி பயிற்சியில் இரண்டு கையும் அடிக்கடி வேறு வேலைக்குத் தேவைப்படும். கையில் பிடிக்கும் ரிலீசரை எங்கோ புல்லில் வைத்துவிட்டுத் தேட நேரும். மணிக்கட்டில் கட்டியதைத் தேட வேண்டாம். அமெரிக்காவில் வில்வேட்டைக்காரர்களிடம் இந்தப் பட்டை பரவலாக இருப்பதற்கும் இதுதான் காரணம்: கையுறை போட்ட கையிலும், மரத்தின் மேலே அமர்ந்த நிலையிலும் அது கீழே விழாது. நம் நாட்டில் வேட்டை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கே 3டி என்றால் நுரை உருவம் மட்டும்தான்.

5. கை வியர்க்கும் வெயிலில். ஏப்ரல், மே மாதத்து மைதானத்தில் உள்ளங்கை வழுக்கினாலும் பட்டை வழுக்காது.

குறிப்பு: “பட்டை இருக்கிறதே, பத்து பவுண்டு கூட்டிக்கொள்ளலாம்” என்று நினைக்காதீர்கள். பட்டை காப்பது விரலைத்தான், தோளை அல்ல. நின்ற நிலையில், வில்லை வானத்தைப் பார்த்துத் தூக்காமல், இலக்குக்கு நேராக வைத்தே இழுக்க முடிந்தால் அதுதான் உங்கள் பாரம்.

எப்போது கட்ட வேண்டாம்?

1. மணிக்கட்டில் வீக்கம், சுளுக்கு, விரல் மரத்துப்போகும் தொல்லை இருந்தால். மொத்த இழுவையும் அங்கேதான் விழும். மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு பார்க்கலாம்.
2. பட்டை அடுத்தவருடையதாக இருந்தால். அண்ணனின் பட்டையைக் கடைசித் துளைவரை இறுக்கித் தம்பிக்குக் கட்டுவது பல மைதானங்களில் நடக்கிறது. பாரம் ஏறியதும் அது கைமேல் ஊர்ந்து வரும். டிரிகர் இடம் மாறும். விரல் எதிர்பாராமல் அதைத் தொடும்.
3. வில்லில் டி-லூப் இல்லாவிட்டால். உலோகக் கவ்வி நாணை நேரடியாகக் கடித்தால் நாணின் மேல் சுற்றிய செர்விங் நூல் தேயும். முதலில் டி-லூப் கட்டச் சொல்லுங்கள். அதைத் தெரிந்தவர்தான் கட்ட வேண்டும். முடிச்சு நழுவினால் என் உதட்டுக்கு நடந்தது உங்கள் உதட்டுக்கும் நடக்கும்.
4. விரல் அவசரப்படத் தொடங்கிவிட்டால். இதற்குத் தனிப் பகுதி பின்னால் வருகிறது.

வாங்கும்போது கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை

பட்டை: பெல்ட் போலத் துளையும் பக்கிளும் உள்ளதையே எடுங்கள். தினமும் அதே துளை, அதே இறுக்கம், அதே நீளம். வெல்க்ரோ பட்டை மலிவு. ஆனால் இன்று கொஞ்சம் இறுக்கம், நாளை கொஞ்சம் தளர்வு என்று மாறிக்கொண்டே இருக்கும். புல்லும் மண்ணும் ஒட்டினால் பிடி குறையும். பாரத்தில் பிரிந்து வரும் வெல்க்ரோவை ஒருநாளும் நம்பாதீர்கள்.

தண்டு: நீளத்தைக் கூட்டிக் குறைக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் எவ்வளவு விலை குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

கவ்வி: இரண்டு தாடையும் திறக்கும் வகை, ஒரு தாடை மட்டும் திறக்கும் வகை, திறந்த கொக்கி வகை என்று மூன்று உண்டு. தொடங்குபவருக்கு மூடும் கவ்வி நல்லது. மூடியிருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும். கொக்கி வேகமானது, டி-லூப்பில் பாதியாக மாட்டிக்கொள்ளாமல் பார்க்கும் பழக்கம் வந்த பிறகு அதற்குப் போகலாம்.

டிரிகர்: அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு திருகு இருக்க வேண்டும். கடையில் விரலால் தொட்டவுடன் விடும் டிரிகர் ‘சூப்பர் ஸ்மூத்’ என்று காட்டப்படும். புதியவருக்கு அது கத்தி. சற்றே கெட்டியாக வைத்துத் தொடங்குங்கள்.

பொருத்துதல்: படிப்படியாக

1. சட்டைக் கையை மடித்துவிடுங்கள். வாட்ச், கயிறு, வளையல் எல்லாவற்றையும் கழற்றுங்கள்.
2. மணிக்கட்டில் புடைத்துத் தெரியும் எலும்புக்கும் உள்ளங்கையின் அடிமேட்டுக்கும் இடையில் பட்டை உட்கார வேண்டும். முழங்கைப் பக்கம் ஏறக் கூடாது.
3. பக்கிளை மாட்டுங்கள். சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு இடைவெளி போதும். விரல்கள் நிறம் மாறினால் ஒரு துளை தளர்த்துங்கள்.
4. தலையை டி-லூப் அளவுள்ள கயிற்று வளையம் ஒன்றில் மாட்டி, மறுகையால் இழுத்துப் பிடியுங்கள். பட்டை நகர்ந்து எங்கே நிற்கிறதோ அதுதான் அதன் உண்மையான இடம். அளவெல்லாம் இந்த நிலையில்தான் எடுக்க வேண்டும். தளர்வாகத் தொங்கும்போது எடுத்த அளவு பொய்.
5. இப்போது ஆள்காட்டி விரலை டிரிகர்மேல் வளையுங்கள். விரல் நுனியிலிருந்து எண்ணினால் முதல் கணுவுக்கும் இரண்டாம் கணுவுக்கும் நடுவே டிரிகர் படிய வேண்டும்.
6. விரல் நுனிதான் எட்டுகிறது என்றால் தண்டு நீளம், குறையுங்கள். விரலின் அடிப்பகுதியே டிரிகரில் படுகிறது என்றால் தண்டு குட்டை, கூட்டுங்கள்.
7. மற்ற மூன்று விரல்களையும் தளரவிடுங்கள். கை முட்டியாக மூடியிருந்தால் முன்கைத் தசை இறுகும்; இழுவை முதுகுக்குப் போகாது.
8. சரியான துளைக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். தண்டின் நீளத்திலும் ஒரு கோடு போடுங்கள்.

பெரும்பாலும் எல்லாரும் தவறுவது ஐந்தாம் படியில். விரல் நுனியில் உணர்ச்சி அதிகம். அங்கே டிரிகர் பட்டால் விரல் சுண்டும். இரண்டு கணுவுக்கும் நடுவே பட்டால் விரல் கொக்கிபோல நிற்கும், சுண்டத் தோன்றாது.

வில் இல்லாமல் முதல் வாரம்

வில்லைத் தொடும் முன் கயிற்றோடு பழகுங்கள். செலவு, பழைய நைலான் கயிறு நான்கு முழம் போல.

1. கயிற்றை வளையமாக முடியுங்கள். ஒரு முனையை வில்பிடிக்கும் கையின் கட்டைவிரல் அடியில் மாட்டி, மறுமுனையை ரிலீசரில் மாட்டி, முழு இழுப்பு நிலையில் நின்றால் கயிறு விறைப்பாக இருக்க வேண்டும். அதற்கேற்ப நீளத்தைச் சரிசெய்யுங்கள்.
2. ஆள்காட்டி விரலை டிரிகருக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் அல்ல.
3. இரு கையையும் எதிரெதிராக விறைத்துக்கொண்டே ஆங்கருக்கு வாருங்கள்: ஆள்காட்டி, நடுவிரல் முட்டிகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் தாடை எலும்பு பொருந்தட்டும்.
4. ஆங்கரில் நின்ற பிறகு மட்டும் விரலை டிரிகருக்கு முன்னால் கொண்டுவந்து வளையுங்கள்.
5. விரலை அசைக்காதீர்கள். முழங்கையை முதுகுப் பக்கம் மெல்லத் தள்ளுங்கள். இழுவை கூடக்கூட டிரிகர் விரலில் அழுந்தும். ஒரு கட்டத்தில் தானாக விடும்.
6. விட்ட பிறகு கை எங்கே போகிறது என்று பாருங்கள். கழுத்தோரமாகத் தோளுக்குப் பின்னே போனால் முதுகு வேலை செய்தது. அங்கேயே நின்றால் விரல்தான் சுண்டியது.

காலையில் 30, மாலையில் 30. ஒரு வாரத்தில் ‘இழுப்பது ஒன்று, விடுவது வேறு’ என்பது உடம்புக்குப் புரிந்துவிடும்.

முதல் அம்புகள்: வரிசை மாறக் கூடாது

பட்ரஸிலிருந்து 3 முதல் 5 மீட்டர் தூரம். காகித முகம் ஒட்ட வேண்டாம்; வட்டமும் புள்ளியும் இருந்தால் கண் அங்கே ஓடும், விரல் பின்னாலேயே ஓடும்.

1. எய்யும் கோட்டில் நில்லுங்கள். முன்னால் ஆளில்லை, பட்ரஸுக்குப் பின்னால் தடுப்பு இருக்கிறது என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள்.
2. அம்பை, அதைத் தாங்கும் ரெஸ்ட்டில் வைத்து, அதன் நாக்கை நாணில் ‘க்ளிக்’ என்று கேட்கும்படி மாட்டுங்கள்.
3. கவ்வியை டி-லூப்பில் மாட்டுங்கள். தாடை முழுதாக மூடியதா என்று குனிந்து பாருங்கள். பிறகு மெதுவாக ஒரு இழுப்பு இழுத்துச் சோதியுங்கள்.
4. ஆள்காட்டி விரல் டிரிகருக்குப் பின்னால். வாய்விட்டே சொல்லிக்கொள்ளுங்கள்: “விரல் பின்னால்.”
5. வில்லை இலக்கின் உயரத்துக்குத் தூக்கி, முழங்கையைப் பின்னோக்கி நகர்த்தி இழுங்கள். பாரம் உச்சத்தைத் தாண்டும்போது ஒரு துள்ளல் வரும். அந்த நேரத்தில்தான் விரல் தவறாக மடங்கும். அது பின்னால் இருந்தால் ஒன்றும் நடக்காது.
6. இழுப்பு முட்டி நிற்கும் வரை வாருங்கள். அதன் பிறகு ஆங்கர். நாண் மூக்கு நுனியை லேசாகத் தொடட்டும்.
7. நாணில் பொருத்திய சிறு துளையான பீப் சைட் வழியே பாருங்கள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்துங்கள்.
8. இப்போது விரலை முன்னால் கொண்டுவந்து டிரிகர்மேல் வளையுங்கள்.
9. கயிற்றில் செய்தது போலவே முதுகால் இழுங்கள். விடும் கணம் உங்களுக்கே சிறு வியப்பாக வர வேண்டும்.
10. அம்பு குத்தும் ஓசை கேட்கும்வரை வில்கையை இறக்காதீர்கள்.

பத்து விநாடிக்குள் விடாவிட்டால் எய்ய வேண்டாம், இறக்கிவிடுங்கள். இறக்குவதற்கும் ஒரு முறை உண்டு. விரலை டிரிகருக்குப் பின்னால் மாற்றுங்கள். வில் பட்ரஸை நோக்கியே இருக்கட்டும். உடம்பை இறுக்கி வைத்துக்கொண்டு நாணை முன்னால் விடுங்கள்; லெட்-ஆஃப் முடியும் இடத்தில் வில் வெடுக்கென்று இழுக்கும், தயாராக இருங்கள். நாண் பழைய நிலைக்கு வந்த பிறகே கவ்வியைக் கழற்றுங்கள். முதல் நாளிலேயே இதை ஐந்து முறை பழகிவிடுவது நல்லது. இறக்கத் தெரியாதவர்தான் வேறு வழியில்லாமல் கெட்ட அம்பை எய்துவிடுகிறார்.

வழக்கமான தவறுகள்: அறிகுறியும் மருந்தும்

அம்புகள் ஒருநாள் மேலே, ஒருநாள் கீழே: பட்டை ஒரு துளை மாறியிருக்கும், அல்லது மணிக்கட்டில் இடம் மாறியிருக்கும். ஆங்கர் நகர்ந்தால் உயரமும் நகரும். பேனாப் புள்ளியைப் பாருங்கள்.

அம்புகள் இடவலமாகச் சிதறுகின்றன: கை முறுக்கிக்கொண்டிருக்கிறது. உள்ளங்கை முறுகினால் டி-லூப்பும் சேர்ந்து முறுகும். கவ்வியை மாட்டியதும் டி-லூப் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். மற்ற மூன்று விரல்களைத் தளர்த்துங்கள்.

பாதி இழுப்பிலேயே விட்டுவிடுகிறது: விரல் டிரிகர்மேல் இருந்திருக்கிறது, அல்லது கவ்வி முழுதாக மூடவில்லை, அல்லது டிரிகர் அளவுக்கு மீறி லேசாக இருக்கிறது. இந்த மூன்றையும் வரிசையாகச் சரிபார்க்காமல் அடுத்த அம்பை எடுக்காதீர்கள்.

முன்கை வலிக்கிறது: பட்டை இழுக்க வேண்டியதை விரல்கள் பிடித்து இழுக்கின்றன. கையை மூடி முட்டியாக்கும் பழக்கத்தை விடுங்கள்.

மணிக்கட்டில் சிவந்த கோடு: பட்டை மெலிது, அல்லது தளர்வு. தளர்ந்த பட்டைதான் உராயும். உள்ளே மெத்தை வைத்த அகலப் பட்டைக்கு மாறுங்கள்.

பாதுகாப்பு: பேரம் இல்லாதவை

• அம்பில்லாமல் நாணை விடாதீர்கள். அம்பு எடுத்துச் செல்ல வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லின் உடம்பில் இறங்கும். கேம் வளையும், நாண் அறும், சில்லு தெறிக்கும். ரிலீசரைச் சோதிக்கக் கயிற்று வளையம் இருக்கிறது.
• ரிலீசர் மாட்டிய வில்லோடு யார் பக்கமும் திரும்பாதீர்கள். பேச வேண்டுமானால் முதலில் கழற்றுங்கள்.
• “கொஞ்சம் இழுத்துப் பார்க்கட்டுமா?” என்று கேட்கும் நண்பருக்கு உங்கள் பட்டையைக் கட்டி வில்லைக் கொடுக்காதீர்கள். அம்பில்லாமல் நாணை விடும் விபத்துகளில் பெரும் பகுதி இப்படித்தான் தொடங்குகிறது.
• மைதானத்து விசில்: இரண்டு ஊதினால் கோட்டுக்கு வரலாம், ஒன்று ஊதினால் எய்யலாம், மூன்று ஊதினால் அம்பு எடுக்கப் போகலாம். ஐந்தோ அதற்கு மேலோ தொடர்ந்து கேட்டால் உடனே நிறுத்தி, நாணை இறக்க வேண்டும்.
• அம்பு பிடுங்கும்போது ரிலீசர் தலை தொங்கி அடுத்த அம்பின் இறகில் சிக்கும். மடக்கி உள்ளே செருகுங்கள், அல்லது பட்டையைத் திருப்பிக் கையின் மேற்புறம் விடுங்கள்.

கழற்றும் நேரம்

மணிக்கட்டு ரிலீசரின் பெரிய வசதியே அதன் பெரிய ஆபத்தும். ஆள்காட்டி விரல் நம் கையிலேயே கெட்டிக்கார விரல். சுவிட்சைத் தட்டுவது முதல் மொபைல் திரையைத் தொடுவது வரை அதற்குத்தான் வேலை. சைட் நடுப்புள்ளியைக் கடக்கும் கணத்தில் “இப்போ!” என்று அது தானாகவே டிரிகரைக் குத்திவிடும். மைதானத்தில் இதைப் ‘பன்ச்’ என்பார்கள். வளரவிட்டால் சைட் நடுப்புள்ளிக்கு வருமுன்னே விரல் துடிக்கும், அல்லது புள்ளிக்குக் கீழேயே உறைந்து நிற்கும். இதுதான் டார்கெட் பேனிக்.

சோதனை எளிது. நண்பரை அழைத்து, உங்கள் வில்கையைப் பார்க்கச் சொல்லி ஆறு அம்பு எய்யுங்கள். அம்பு கிளம்பும் முன்னமே தோளோ முழங்கையோ ஒரு முறை வெடுக்கென்று அசைகிறதா? ஆறில் மூன்றில் அசைந்தாலே, விரல் வேலையைப் பறித்துக்கொண்டது என்று பொருள்.

அப்போது செய்ய வேண்டியது:

1. ஒரு வாரம் காகித முகமே வேண்டாம். 3 மீட்டரில் வெறும் பட்ரஸ். ஆங்கருக்கு வந்து, வில் பட்ரஸின் நடுவை நோக்கியிருப்பதை உறுதிசெய்த பிறகு கண்ணை மூடி விடுங்கள்.
2. டிரிகர் திருகைக் கால் சுற்று கெட்டியாக்குங்கள். லேசாக்கினால் குணமாகும் என்று தோன்றும். நிலைமை இன்னும் மோசமாகும்.
3. முழுதாக இழுத்து, குறிபார்த்து, எய்யாமல் இறக்குங்கள். பத்து அம்புக்கு ஐந்து முறை இப்படி. ‘புள்ளி தெரிந்தால் விட்டே ஆக வேண்டும்’ என்ற கட்டு அறுபடும்.
4. மூன்று வாரம் கழித்தும் சரியாகாவிட்டால் பட்டையைக் கழற்றுங்கள். கையில் பிடிக்கும் கட்டைவிரல் பட்டன் வகைக்கோ, டிரிகரே இல்லாமல் இழுவை கூடும்போது விடும் டென்ஷன் வகைக்கோ மாறுங்கள். சர்வதேசக் காம்பவுண்ட் போட்டிகளில் வில்லாளிகளின் கையைக் கவனியுங்கள். பெரும்பாலும் கையில் பிடிக்கும் ரிலீசர்தான் இருக்கும்.

மாற்றும்போது ஓர் எச்சரிக்கை. ரிலீசர் மாறினால் ஆங்கர் மாறும். ஆங்கர் மாறினால் பீப் சைட்டின் உயரமும், சில நேரம் வில்லின் இழுப்பு நீளமும் மாற வேண்டியிருக்கும். போட்டிக்கு முந்தைய வாரம் இதைத் தொடாதீர்கள். கீலில் சுழன்று விடும் ஹிஞ்ச் வகையைப் பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாமல் தொடங்கவும் வேண்டாம். பழகாத கையில் அது இழுக்கும்போதே விடும்.

கழற்றுவது தோல்வியல்ல. பழைய பட்டையைத் தூக்கி எறியவும் வேண்டாம். விரல் அடங்கிய பிறகு அதே பட்டைக்குத் திரும்பி நன்றாக எய்பவர்கள் நிறையப் பேர்.

பராமரிப்பு

1. எய்து முடித்ததும் பட்டையை வியர்வை போகத் துடைத்து நிழலில் காயவிடுங்கள். வெயிலில் காய்ந்த தோல் விறைக்கும், அளவு மாறும்.
2. கவ்வியில் மண் புகுந்தால் சிறு பிரஷால் தட்டுங்கள். எண்ணெய் ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம். மிகுந்த எண்ணெய் தூசியை அழைக்கும்.
3. தண்டின் திருகுகளை வாரம் ஒருமுறை ஆலன் கீயால் தொட்டுப் பாருங்கள்.
4. டி-லூப் பஞ்சுபோலப் பிரிந்தாலோ, கவ்வி படும் இடத்தில் மெலிந்தாலோ அன்றே மாற்றுங்கள். விலை சில ரூபாய், அறுந்தால் பல்.

கோட்டுக்குப் போகும் முன்

□ பக்கிள் புள்ளி வைத்த துளையில்தானா?
□ தண்டு கோட்டின் மேல் நிற்கிறதா?
□ டி-லூப் முழுதாக இருக்கிறதா?
□ கயிற்று வளையத்தில் மூன்று முறை விட்டுப் பார்த்தாயிற்றா?
□ விரல் பின்னால்?

என் பட்டையின் உட்புறத்தில் கடைசி வரியை மட்டும் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். வியர்வையில் அழியும், மாதம் ஒருமுறை திரும்ப எழுதிக்கொள்கிறேன்.